ஸ்டியரிங் யார் கையில்?

“எழுதிக்குங்கம்மா. அன்னைக்கு ஸ்டியரிங் என் கையிலதான் இருந்துச்சு. இவன் பக்கத்து சீட்ல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தான்” என்றார் ஸ்பேனர்.

கட்டிலில் கிடந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன ஒரு பச்சைப் பொய்! காரை ஓட்டியது இவர். கண்ணை மூடிக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டது அந்த ஸ்பேனர்.

சொல்லலாம் என்றால் வாய் வரவேண்டுமே. பக்கவாதம் வந்து ஏழு மாதமாகிறது. வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. பாழாய்ப்போன காது மட்டும் ஒன்று விடாமல் கேட்கிறது.

கட்டிலை ஒட்டி நாற்காலியில் நோட்டும் பேனாவுமாக ஒரு பெண்மணி. “நம்ம கார் கிளப்புக்கு அம்பதாவது வருஷம்டா. சிறப்பு மலர் போடறாங்க. பழைய கதையெல்லாம் கேட்டு எழுத வந்திருக்காங்க” என்று ஸ்பேனர்தான் அழைத்து வந்திருந்தார். முப்பத்தைந்து வருஷச் சிநேகிதர். பின்பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்ததால் கிளப்பில் வைத்த பெயர் அது.

“அப்பல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா எங்களுக்குக் கைவிட்ட விமான ஓடுதளம்தாம்மா கதி. தார் டிரம்மை நிறுத்தினா அது வளைவு, வைக்கோல் கட்டை அடுக்கினா அது வேலி. முன்கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, ஹெட்லைட்ல குறுக்கா டேப் ஒட்டிட்டு இறங்குவோம். மறுநாள் அதே கார்ல நல்ல பிள்ளையா ஆபீசுக்குப் போவோம்!”

அதென்னவோ உண்மை. அவர் மூக்கில் பெட்ரோலும் விளக்கெண்ணெய் கலந்த ஆயிலும் சூடாக மணத்தன. கூரையில்லாத சிவப்புக் கார், இரண்டே சீட்டு. தினமும் காலையில் ஒருமுறை உறுமி, நாலு வீட்டுக்காரர்களை எழுப்பிவிட்டுத்தான் அது கிளம்பும்.

“ஒரு சுத்து, ஒரு நிமிஷம் பதினேழு செகண்ட்! ஓடுதளத்தை மூடற வரைக்கும் ஒருத்தனாலயும் அதைத் தொட முடியல. எல்லாம் இந்தக் கைதாம்மா” என்று ஸ்பேனர் கையை நீட்டிக் காட்டினார்.

அட துரோகி! கூடவே இருந்து குழி பறிக்கிறானே! இத்தனை வயதில் தன்னுடையது என்று அவர் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அந்த ஒரு சுற்று மட்டும்தான். அதையும் உருவிக்கொண்டு போகிறான். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார்.

“பாத்தீங்களா, அவனே ஆமாங்கறான்!”

இடது கையால் மெத்தையில் ஓங்கி அடித்தார். மனைவி ஓடிவந்து தலையணையை நிமிர்த்தி வைத்தாள். இதற்கா அடித்தார்! பெண்மணியின் பேனாவுக்குக் கையை நீட்டினார். அந்தப் பெண்மணி பேனாவை எட்டாத தூரத்துக்கு நகர்த்திக்கொண்டார். இத்தனைக்கும் இதுவரை அதன் மூடியைக்கூட அவர் திறக்கவில்லை.

சரி, மனைவி இருக்கிறாளே. அன்று ஓடுதளத்தின் ஓரத்தில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவள்தான். நீயாவது சொல்லேன்டி என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

“ஆமாங்க, அண்ணாதான் ஓட்டினார். நான் என் கண்ணால பாத்தேனே” என்றாள் அவள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான், அவர் உடைந்துபோனார். கண்ணீர் காதோரமாக இறங்கியது. தொண்டையிலிருந்து “ம்... ம்...” என்று மட்டும் வந்தது.

“தண்ணி வேணுமாங்க?”

தண்ணீரை யார் கேட்டார்கள்? தம்ளரைத் தட்டிவிட்டார். அது உருண்டுபோய்க் கதவில் முட்டி நின்றது.

“நாளைக்கே அச்சுக்குப் போகுதுங்க. உங்க பேரும் படமும் பெருசா வந்திடும்” என்றார் பெண்மணி ஸ்பேனரிடம். நாளைக்கா! அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் யார் வந்து மாற்றுவது? மனைவியே சாட்சி சொல்லிவிட்டாள், இனி இவர் கட்சியைப் பேச உலகத்தில் ஆளே இல்லை.

“அது சரி, அந்த டிரம் வளைவு ரொம்பக் கஷ்டமாமே? அதை எப்படித் திருப்பினீங்க?” கேள்வி ஸ்பேனருக்கு, ஆனால் பெண்மணியின் பார்வை கட்டில் மேலேயே இருந்தது.

“அதுவா? அது ஒரு விஷயமே இல்லம்மா. நாலாவது கியர்ல வந்தேன், அதே நாலாவது கியர்லயே திருப்பிட்டேன்!”

நாலாவது கியரா!

அவருக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பெயரை எடுத்துக்கொள். அந்தச் சுற்றுக்குக் கிளப் கொடுத்த கோப்பையை எடுத்துக்கொள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எங்கேயாவது ஒழிந்து போ. ஆனால் அந்த வளைவை, அந்தக் காரில், நாலாவது கியரிலா? டிரம்மோடு சேர்ந்து பக்கத்து வயலில் போய் விழுந்திருக்குமே! காரைத் தொட்டவன் பேசுகிற பேச்சா இது? படிக்கிறவன் எல்லாம் கைகொட்டிச் சிரிக்க மாட்டானா?

“நாலாவது கியர். மறக்காம எழுதிக்குங்க” என்றார் ஸ்பேனர் மறுபடியும்.

“ம்... ம்மூ...” கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்து கோணியது. “மூ... மூணு!”



“மூணு! மூணு!” மெத்தையில் அடித்து அடித்துக் கத்தினார். குரல் துருப்பிடித்த கதவு போல் கரகரத்தது. இருந்தாலும் அது அவருடைய குரல்தான்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஸ்பேனர் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, அவர் காலைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். திருடன் வசமாக மாட்டிக்கொண்டான், நன்றாக அழட்டும் என்று அவர் மூச்சு வாங்கினார்.

ஸ்பேனர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பினார்.

“டாக்டர், இப்பவாவது நான் உண்மையைச் சொல்லலாமா?”