மூன்றிலும் சமம்

"மூணு பேஸ்லயும் கரண்ட் இருபத்தேழு ஆம்பியர். துளிகூட ஏற்ற இறக்கம் இல்ல சார்" என்று கிளாம்ப் மீட்டரைக் காட்டினான் எலக்ட்ரீஷியன்.

"அப்புறம் ஏன்யா பெயின்ட் காய மாட்டேங்குது?" மேலாளர் மசியவில்லை. "மதியத்துக்குள்ள சூடு ஏறுச்சுன்னா உனக்கு வேலை நிரந்தரம். இல்லன்னா உங்க அக்கா முகத்துக்காகக்கூட வச்சுக்க மாட்டேன்."

அவன் வேலைக்கு வந்து மூன்றே நாள்தான் ஆகிறது. வர்ணம் பூசிய தகடுகளை இடுப்பளவுத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஓர் அறை அளவுக்கு இருக்கும் அந்த அடுப்புக்குள் தள்ளுவது அக்காவின் வேலை. மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனை உள்ளே நுழைத்தவளும் அவள்தான்.

ஹீட்டர் ராடு ஒன்று போனால் அந்த பேஸில் மட்டும் கரண்ட் குறையும். அந்த வித்தியாசம்தான் காட்டிக் கொடுக்கும், எச்சரிக்கை மணியும் அதைப் பார்த்துத்தான் அலறும். இங்கோ மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவு. கையைப் பிசைந்துகொண்டு நின்றவன், அடுப்பின் முதுகில் அழுக்கேறிக் கிடந்த கம்பெனித் தகட்டைத் துணியால் துடைத்தான். பேஸுக்கு முப்பத்தாறு என்று போட்டிருந்தது.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்மூடியைக் கழற்றினான். பேஸுக்கு நான்கு ராடு. ஒவ்வொரு நான்கிலும் ஒன்றுக்கு மட்டும் ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். மூன்றிலும் சமமாகக் குறைத்தால் மணி அடிக்காது என்று தெரிந்த கை. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அவன்தான்" என்று பல்லைக் கடித்தார் மேலாளர். "உனக்கு முன்னாடி இருந்தவன். எதுக்கெடுத்தாலும் என்கிட்ட மல்லுக்கு நிப்பான். துரத்தினேன், இப்படி வஞ்சம் தீர்த்துட்டுப் போயிருக்கான். நீ முதல்ல மூணையும் சேத்துடு, போலீஸை அப்புறம் பாத்துக்கலாம்."

ஸ்பானர் எடுக்க முன்பக்கம் போனபோது அடுப்பின் கதவு திறந்திருந்தது. அக்கா தன் சாப்பாட்டு டப்பாவைப் பேனல் பக்கத்து பெஞ்சில் வைத்தாள்.

"தனியா சாப்பிட்டுடாதடா. இந்த ஒரு வண்டியைத் தள்ளிட்டு வந்துடறேன்."

கதவின் உட்பக்கத்தில், தோள் உயரத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன நெளிவுகள். வண்டி இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று ராடையும் சேர்த்து மூடியை முடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மேலாளர் பொறுமையில்லாமல் தன் கையாலேயே கதவைச் சாத்தியிருந்தார். அவன் பூட்டைக் கழற்றி ஸ்விட்சைப் போட்டான். முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு. இனி வேலை தன்னுடையது என்ற சந்தோஷத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

காற்றாடி இரைச்சலுக்கு நடுவே உள்ளேயிருந்து டம், டம் என்று மந்தமாக ஒரு சத்தம்.

"அது என்ன சார்?"

"தகடு சூடாகுது, வேறென்ன. அவனுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல வை. அவன் வாயாலயே வரட்டும்."

போட்டான். பழைய எலக்ட்ரீஷியன் உடனே எடுத்தார்.

"மூணு ராடைக் கழட்டினது நீங்கதானா?"

"நான்தான் தம்பி." குரலில் தயக்கமே இல்லை. மேலாளர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு கிடக்கு. போன மாசம் உள்ள ராடு பாக்கப் போனேன், யாரோ கதவைச் சாத்திட்டு சூட்டைப் போட்டுட்டாங்க. ஸ்பானரால தட்டித் தட்டிக் கை ஓஞ்சு போச்சு. நல்லவேளை, கரண்ட் போச்சு, பொழச்சேன். கைப்பிடியை மாத்துங்கன்னு மேனேஜர்கிட்ட நாலு தடவை கேட்டேன், கேக்கல. சரி, அடுத்து மாட்டுறவங்களுக்காவது சூடு மெதுவா ஏறட்டும்னு அப்படிச் செஞ்சேன். நீ ஒண்ணும் சேர்த்துடலையே?"

"சேர்த்துட்டேன்" என்றான். பெஞ்சில் அக்காவின் டப்பா திறக்காமலே இருந்தது. அடுப்புக்குள் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. போனில் அவர் கேட்டார்:

"உள்ள யாரும் இல்லன்னு பாத்துட்டுத்தானே கதவைச் சாத்தினீங்க?"