முதல் பெட்டி

“இன்னாண்ணா சொல்ற? பொண்ண பூனாவுக்கு அனுப்பலாமா?” என்று தையல்நாயகி அத்தை கேட்டபோது குமரகுரு பெரியப்பா தலையை ஆட்டினார்.

லேசாக இல்லை. பலமாக, கண்ணில் நீர் முட்ட.

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. பிள்ளையார்பாளையத்து வீட்டில் இவ்வளவு நிசப்தம் கிரகணத்தன்றுகூட இருந்ததில்லை.

கீர்த்தி அப்போது பெரியப்பாவுக்குக் காப்பி கொடுக்கக் குனிந்திருந்தாள். புனேயில் வானிலை கணிக்கும் ஆராய்ச்சி மையம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாலைக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

அவள் சம்மதித்து என்ன பிரயோஜனம்? அந்த வீட்டில் சம்மதம் என்பது பெரியப்பாவிடமிருந்து புறப்பட்டு, சுவரோரமாக வயது வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கடந்து, கடைக்குட்டியான அவள் அப்பா வேணுகோபாலிடம் வந்து சேர வேண்டிய பொருள். மூத்தவர் சொன்னதோடு சேர்க்கலாம். கழிக்கக் கூடாது. எல்லோரையும் கலந்துகொண்டு முடிவெடுக்கும் குடும்பம் என்று வெளியில் பெருமை வேறு.

அம்மா காமாட்சியம்மாள் வரிசையில் இல்லை. வாழவந்தவர். காப்பி மட்டும் போடலாம்.

வேலைக்கான நேர்முகத்தில் ‘ப்ரீஃபிக்ஸ் ரிடக்‌ஷன்’ என்றால் என்னவென்று கேட்டிருந்தார்கள். ஒரு பெரிய கணக்கைக் கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாக ஓடும் பல ப்ராசஸ்கள் பங்குபோட்டுச் செய்யும். வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருப்பவை சேர்த்து அனுப்பியதை வாங்கி, தன்னுடையதையும் அதோடு சேர்த்து, அடுத்ததற்குத் தள்ளிவிடும். பின்னால் இருப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கவலையும் இல்லை. முதல் ஆள் வாய் திறக்காவிட்டால் அத்தனை பேரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

கீர்த்தி மூச்சுவிடாமல் பதில் சொன்னாள். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதில் ஒரு வகையில், முன்னால் இருப்பவர்கள் அனுப்புவதை வாங்கிவைக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி உண்டு. முதல் ஆளுக்கு முன்னால் யாரும் இல்லாததால் அவர் பெட்டியில் யாரும் எதையும் போட மாட்டார்கள். பழசு ஏதாவது கிடந்தால் அதுதான் இருக்கும். சரியானதை முன்கூட்டியே போட்டுவைப்பது புரோகிராம் எழுதுபவரின் தலைவலி. இதையும் சொன்னாள். வேலை அவளுக்கே என்றார்கள்.

கூடத்தில் அடுத்த முறை அத்தையுடையது. ‘வயசுப் பொண்ண தனியா வடக்க அனுப்புறதா’ என்று நேற்றுத்தான் தெருவுக்கே கேட்கும்படி நெஞ்சில் அடித்துக்கொண்டவர். அண்ணனுக்கு எதிராக இனி அடித்துக்கொள்ள முடியாது.

“அண்ணனே கண்ணு கலங்கிக்கினு சரின்ட்டாரு. எனக்கின்னா வந்துது? அங்க குளிருமாம், ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்துடுங்க.”

அடுத்து அப்பாதுரை, அப்பாவுக்கு நேர்மூத்தவர். பெண் போய்விட்டால் நம் தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் யார் டிசைன் போடுவார்கள் என்று காலையில் அப்பாவைத் தனியே தள்ளிக்கொண்டு போய்க் குடைந்தவர். அந்தக் கேள்வியைக் காப்பியோடு விழுங்கினார்.

“அக்கா சொல்றது கரெக்டு. அப்டியே நம்ம சேலை நாலு எடுத்துக்கினு போவட்டும். ஆபீஸ்ல வித்துடலாம்.”

ஒரு தலையாட்டல், வேணுகோபாலிடம் வந்து சேர்ந்தபோது ஒரு வேலை, ஒரு ஸ்வெட்டர், நாலு பட்டுச்சேலை என்று குடும்பம் நடத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவருக்கென்று ஒரு கருத்து இருந்திருக்கலாம். இத்தனை வயதுக்கு யாரும் கேட்டதில்லை. அவரும் தேடிப் பார்த்ததில்லை.

“பெரியவங்க எல்லாம் சொன்னப்புறம் நான் இன்னாபா சொல்றது?” என்றார். மகளைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார்.

முடிந்தது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏகமனதாகச் சம்மதித்தார்கள். லேசுப்பட்ட காரியமா!

கீர்த்தி பெரியப்பாவின் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

“அவுரு எப்டிமா ஒத்துக்கினாரு?” என்றார் அம்மா.

கீர்த்தி சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அத்தையின் காவலில் வருஷக்கணக்காகக் கசப்புக் காப்பி. இடது காதும் கேட்காது. அப்படி அவர்தான் சொல்வார், யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. வரிசை முழுவதும் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது. அத்தை அங்கிருந்து கேட்ட அதே நேரத்தில், வலது காதோரம் குனிந்து கீர்த்தி கேட்டது வேறு.

“பெரியப்பா, சக்கரை போட்டு எடுத்துக்கினு வரட்டா?”

முதல் பெட்டியில் போட வேண்டியதைப் போட்டாள், அவ்வளவுதான். பாவம், ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு மனுஷர் அழுதேவிட்டார்.

தாராளமாகப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தாள். கூடத்தில் ஸ்வெட்டர் என்ன நிறம் என்று தகராறு தொடங்கியிருந்ததால் அத்தை இந்தப் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“ரெண்டு கேள்விக்கும்தாம்மா தலையாட்டுனேன். நீ பூட்டா எனக்கு யாரு சக்கரை போடுவா?”

கீர்த்தி டம்ளரை வாங்கிக்கொண்டு, இன்னும் ஒரு ஸ்பூன் போட உள்ளே போனாள்.