என் உயிறே

மலை உச்சியில் இருக்கும் நூறு வருஷத்து மரக் கோபுரத்தை மேற்பார்வையிட வந்த அதிகாரி, மூச்சு வாங்க மேல்தட்டுக்கு ஏறினார். அங்கே கண்ட காட்சியில் இருந்த மூச்சும் நின்றது.

'பெயர் செதுக்குவது குற்றம்' என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து, புதுக் கைப்பிடிச் சட்டத்தில் உளியால் எழுதிக்கொண்டிருந்தார் தச்சர்.

"வேலியே பயிரை மேயுதா? உங்களை இதைச் சரி பண்ணத்தானே அனுப்பினோம்?"

"சரிதான் பண்றேன் மேடம்." தச்சர் தலையைத் தூக்கவில்லை. உளி பிடித்தவர்களுக்கு இந்தத் திமிர் கூடவே பிறந்தது.

பக்கத்தில் உளுத்துப்போன பழைய சட்டம் கிடந்தது. அதில் ஊர்ப்பட்ட கிறுக்கல். அம்பு துளைத்த இதயம் மட்டுமே பதினொன்று. அத்தனையையும் வரிசை மாறாமல் புதுச் சட்டத்தில் இறக்கியிருந்தார் மனுஷன்.

"கண்டவங்க கிறுக்கினதையெல்லாம் எதுக்குங்க காப்பி அடிக்கிறீங்க?"

"தேடி வர்றவங்க இருக்காங்க மேடம்."

அதிகாரி குனிந்து பார்த்தார். தமிழ் டீச்சர் பெற்ற பெண். கண் நேராகப் பிழைக்குத்தான் போனது.

"என்ன இது, 'என் உயிறே'? உயிருக்குச் சின்ன ர! காதலிக்கத் தெரிஞ்சவனுக்கு எழுதத் தெரியலை. அதையும் அப்படியே வெட்டி வெச்சிருக்கீங்க!"

"தெரிஞ்சேதான் வெட்டினேன்."

"முதல்ல எல்லாத்தையும் இழைச்சுத் தள்ளுங்க. முடியாதுன்னா நாளைக்கு வேற ஆளை வெச்சு முடிச்சுக்கிறேன்."

தச்சர் இழைப்புளியை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தார். கை நகரவில்லை.

"இதை எழுதினவரு இப்ப இல்லை மேடம். அவரு சம்சாரம் வருஷா வருஷம் மக கையைப் பிடிச்சுக்கிட்டு இங்க வருவாங்க. போன வருஷம் நான் அளவெடுக்க வந்தப்ப பார்த்தேன்."

"வரட்டுமே. பிழையில்லாம இருந்தா இன்னும் நல்லாப் படிப்பாங்க."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாது. முழுச் சட்டத்தையும் விரலால தடவிக்கிட்டே வந்தாங்க. இந்தப் பெரிய றவோட வாலு தட்டுப்பட்டதும் நின்னுட்டாங்க. 'இதோ இருக்காரு'ன்னு ஒரு சிரிப்பு."

அதிகாரி இழைப்புளியைத் தன் கையாலேயே எடுத்து ஓரமாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அந்த எழுத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"வாலை இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்கண்ணே."