மூன்றாவது புகார்

“இனிமே அந்த ஆளோட நான் மேடை ஏற மாட்டேன், மேடம்.”

வயலின் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னாள். துறைத் தலைவி நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“பாஸ் பண்ணிட்டியே?”

“ஐம்பது வாங்கினா பாஸ். எனக்கு ஐம்பத்திரண்டு. மூணு மார்க் குறைஞ்சிருந்தா இந்த வாரமே என்னை விமானம் ஏத்தியிருப்பீங்க.”

உண்மைதான். ஒரு பருவம் மட்டும் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் தேர்வில் தேறாவிட்டால், மீதிப் பருவம் கிடையாது. அவள் வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.

முந்தின நாள் தேர்வில் அவள் வாசித்தது ஊரிலிருந்து கொண்டுவந்த உருப்படி. தேர்வாளர்கள் மூவரும் முன்பின் கேட்டிராதது. பாதியில், கூட வாசித்த பியானோ சட்டென்று நின்றது. பரபரவென்று பக்கங்கள் புரளும் சத்தம். பிறகு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. ‘பியானோ தடுமாறியும் பதறாமல் வாசித்தாள்’ என்று ஒரு தேர்வாளர் எழுதியிருந்தார்.

தேர்வு முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தாள். “எழுத்துல புகார் குடு” என்றாள் அம்மா. “நம்ம பாஷை பேசுறவர்னு பாவம் பார்க்காதே. நீ போன்ல எடுத்த பதிவை எனக்கு அனுப்பு. எந்த இடம்னு நானே குறிச்சுத் தர்றேன். மறுமதிப்பீடு கேட்கலாம்.”

அம்மா இருபது வருஷமாக இசைத் தேர்வுகளுக்கு மதிப்பெண் போடுகிறவள். சொந்தத் தங்கை மகளையே ஃபெயிலாக்கிவிட்டு, அன்று மாலை அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள்.

புகாரைத் துறைத் தலைவி இரண்டு முறை படித்தார். பியானோக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

ஐம்பதைத் தாண்டியவர். முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. அவள் வந்த அன்று லிஃப்ட் ஓடாததால் பெட்டியை நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறியவர் அவர்தான். ஹீட்டர் திருகை எந்தப் பக்கம் திருப்புவது, எந்தக் கடையில் அரிசி மலிவு என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நேற்றுவரை அவளுக்கு ‘அண்ணா.’

“நீங்க என்ன சொல்றீங்க?” என்றார் துறைத் தலைவி.

“பக்கத்தை மாத்திப் புரட்டிட்டேன். என் தப்புதான்.”

“இந்த வருஷத்துல இது மூணாவது புகார். மூணு வந்தா ஒப்பந்தம் கிடையாதுன்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“மூணும் புதுசா வந்த பிள்ளைங்க குடுத்தது.”

“புதுசா வர்றவங்களோட வாசிச்சாத்தான் எனக்குக் கை ஓட மாட்டேங்குது” என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை கமிட்டிக்குப் போகும். சாவியை வச்சிட்டுப் போங்க.”

பயிற்சி அறைச் சாவியை வளையத்திலிருந்து கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளியே நடைவழியில் அவள் நிறுத்திக் கேட்டாள். “ஒத்திகையில எல்லாம் ஒழுங்காத்தானே வாசிச்சீங்க? நேத்து மட்டும் கவனம் எங்கே இருந்தது?”

“உங்கிட்டதாம்மா.”

“நக்கல் வேறயா?”

“இல்லம்மா.” கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “இன்னும் குளிர் ஏறும். விரல் விறைச்சுப்போயிடும். வாசிக்கிறதுக்கு அரை மணி முன்னாடியே வந்து உட்கார்ந்துக்கோ.”

படியிறங்கிப் போனார். அறிவுரைக்கு ஒண்ணும் குறைச்சலில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அறைக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்குள் அம்மாவின் அழைப்பு.

“பதிவு கேட்டேன்.”

“கேட்டியா? எப்படிக் கவுத்திருக்கார் பார்த்தியா?”



“இரண்டாம் பகுதியில ஒரே மெட்டு ரெண்டு தடவை வரும். முதல் தடவை முடிஞ்சதும் கீழே இறங்கணும். ரெண்டாவது தடவைதான் மேலே போகணும். தெரியுமில்ல?”

“தெரியாமலா? மனப்பாடமா வாசிக்கிறேன்.”

“நீ முதல் தடவையே மேலே போயிட்டே.”

“நானா?”

“நடுவுல ரெண்டு பக்கம் காணோம். நான் நாலு தடவை போட்டுக் கேட்டேன். அந்த மனுஷன் சரியான இடத்துலதான் இருந்தார். நீ போயிட்டேன்னு தெரிஞ்சதும் ஒரு மூச்சு நின்னு, பக்கத்தைப் புரட்டி, ஓடி வந்து உன்னைப் பிடிச்சிருக்கார். இல்லேன்னா அங்கேயே மாட்டியிருப்பே.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு காலில் காலணி இருந்தது.

“அப்போ ஏன்மா அவர் தன் தப்புன்னு சொன்னார்?”

“ஏன்னு உனக்குத் தெரியலையா?”

தெரிந்தது. ஐம்பத்திரண்டு.

“அம்மா, வெள்ளிக்கிழமைதான் கமிட்டி. நான் இப்பவே போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிடறேன்.”

“காரணம் கேப்பாங்க.”

“சொல்லிடறேன்.”

மறுமுனையில் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“பதிவை வேற யாருக்காவது அனுப்பினியா?”

“இல்லம்மா. உனக்கு மட்டும்தான்.”

“அழிச்சிடு. நான் அழிச்சிட்டேன்.”