பாதி ஜன்னல்

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில், வெள்ளைக்கார ரயில்வே அதிகாரி ஒருவர் குடியிருந்த பங்களாவை ஆறு ஃப்ளாட்டுகளாகத் தடுத்து விற்கிறார்கள். அதில் தங்கள் கைக்கு எட்டுகிற ஒன்றைப் பார்க்க வந்து, அதன் கூடத்தில் பாலாம்பாள் இன்னும் செருப்போடுதான் நிற்கிறாள். எங்கேயோ உயரத்தில் தேக்கு உத்தரங்கள். எதிரே பெரிய இரட்டைக் கதவு ஜன்னல். புதிதாக எழுப்பிய சுவர் அதன் நட்டநடுவில் வந்து முட்டி நிற்கிறது. இவர்களுக்கு ஒரு கதவு, பக்கத்து ஃப்ளாட்டுக்கு ஒரு கதவு. "மனையில நமக்கு அன்டிவைடட் ஷேர் இருக்கு," என்கிறார் கணவர் சாம்பசிவன். "எங்கே இருக்கு? காட்டுங்கோ." "காட்ட முடியாது பாலா. பிரிக்காத பங்கு, எல்லாருக்கும் சேர்ந்தது." "ஜன்னலை மட்டும் பிரிச்சுட்டாளாக்கும்!" கொக்கியை எடுத்துவிட்டுத் தன் கதவைத் தள்ளுகிறாள். அது அசையவே இல்லை. சுவருக்கு அப்பால் ஒரு பெண்குரல் சிரிக்கிறது. "தள்ளாதக்கா, தொறக்காது. என் கதவு உன்னுது மேல சாத்திகினு கீது. நான் தொறந்தாதான் நீ தொறக்க முடியும். ஞானம்மான்னு ஒரு கொரல் குடு, போதும்." பாலாம்பாள் தயங்கி, "ஞானம்மா," என்கிறாள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகளும் விரிகின்றன. மின்சார ரயிலின் ஓசையோடு மாமரத்து வெயில் கூடம் முழுக்கக் கொட்டுகிறது. பாலாம்பாள் வாசல்வரை நடந்துபோய், செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வருகிறாள்.