மூன்று கிண்ணங்கள்

நடுக்கடலில் காற்றை அளந்து கரைக்கு அனுப்பும் மஞ்சள் மிதவை, புயலுக்கு ஒரு மாதம் முன்பே காற்றைச் சொல்வதை நிறுத்திவிட்டது. அதனடியில் மீன் கூடும் என்று மீனவர்கள் படகுகளை அதில்தான் கட்டுவார்கள். புயலில் திரும்பாதவர்களின் வீடுகளுக்கு விசாரிக்க வந்தான் மிதவையைப் பராமரிக்கும் இளம்பரிதி.

“காத்து வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு போயிருக்க மாட்டாருல்ல சார்?” என்றாள் கணவனைக் கடலில் இழந்த ஜெசிந்தா.

அவன் நிமிர்ந்தான். கூரை மூலையில் கம்பியில் கட்டிய மூன்று கறுப்புக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றை அளக்க மிதவையின் உச்சியில் அவனே பொருத்தியவை.

“போன மாசம் அவரு கடல்லேர்ந்து கொண்டாந்தது. பிள்ளைக்கு வெளையாட.”

“கருவி பழுதாயிருச்சும்மா.”

“அதப் பாத்துக்கக்கூட உங்களுக்கு ஆளில்லையா?”

கிண்ணங்கள் சற்று வேகமெடுத்தன. அவன் தலை குனிந்துகொண்டான்.