வெள்ளாட்டம்மாவின் சாட்டிலைட் போன்

மலையில் டவர் கிடையாது. அதனால் வெள்ளாட்டம்மா, ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் குரங்கிடம் இரண்டு சாட்டிலைட் போன் வாங்கியது. ஒன்றைக் குட்டியின் கழுத்தில் கட்டி மேய்ச்சலுக்கு அனுப்பியது.

"குட்டி என்ன கடல் கடந்தா போகுது?" என்றது கழுதை.

மத்தியானம் மழை பிடித்தது. மலை உச்சி கறுத்துவிட்டது. குட்டி மேய்வதோ வறண்ட ஆற்றுக்குள். வெள்ளம் வந்தால்? கொட்டகையில் ஒதுங்கியிருந்த அம்மா போனை அழுத்தியது. சத்தமே இல்லை.

"திருப்பிக் கொடுத்துடு தாயி," என்று சிரித்தது கழுதை.

"கூரைக்குக் கீழே நான் ஊமைங்கம்மா," என்றது போன். "எனக்கு வானம் தெரியணும்."

மழை என்றாலே ஆட்டுக்கு உயிர் போகும். வெள்ளாட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு போனோடு வெட்டவெளிக்குப் பாய்ந்தது. லைன் கிடைத்தது.

"கண்ணு, கரைக்கு ஏறு! ஓடு!"

கொஞ்ச நேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு, "ஏறிட்டேம்மா! நான் நின்ன இடத்துல இப்போ வெள்ளம் ஓடுது!"

"குரங்கு வந்தா போனைத் திருப்பித் தர மாட்டேன்னு சொல்லு!" என்று கழுதையைப் பார்த்துக் கத்தியது அம்மா.

"அம்மா, அங்க என்ன சடசடன்னு சத்தம்? நீ மழையிலயா நிக்கிற?"

"ஆமாண்டா," என்றது வெள்ளாட்டம்மா, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. "நட்டநடுவுல நிக்கிறேன்!"